களப்போரப் பிரயாணமும் கழிவுக்கு ஒரு தரிப்பிடமும்

பிரயாணத்துக்குப் புறப்படும் குடும்பங்களின் ஆயத்தப் பட்டியல்களில் ஒரு விசித்திரம் உண்டு. அரிசி எத்தனை சுண்டு, தேங்காய் எத்தனை, காலை ஆகாரத்துக்கு வண்டியை எங்கே நிறுத்துவது, இரவில் பாயை எங்கே விரிப்பது என்பதெல்லாம் அதில் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். உண்டபின் ஆக வேண்டிய காரியத்தைப் பற்றி ஒரு வரியும் இராது. அதைப் பேசுவது நாகரிகமன்று என்று பெரியவர்கள் எண்ணுகிறார்கள், சிறுவர்களோ சிரிக்கிறார்கள். வழியில் ஒரு பற்றை மறைவு அகப்படாமலா போகும் என்ற நம்பிக்கையிலே வண்டி புறப்பட்டுவிடுகிறது.

அந்த விடுபட்ட வரியைப் பற்றியே இவ்வாரம் நாம் எழுதுகிறோம். பாடசாலை விடுமுறைக்குக் கற்பிட்டிப் பக்கம் வான் வண்டியில் செல்லவும், அங்கிருந்து அனுராதபுரத்துக் குளங்களைக் கண்டு திரும்பவும் எண்ணுகின்ற குடும்பங்கள் பல. அவர்களுக்கு இது மிகவும் வேண்டிய விஷயம். அங்கே குடியிருப்பவர்களுக்கோ இன்னும் வேண்டியது.

மாணவர்கள் இலங்கைப் படத்தை எடுத்துப் பார்க்கட்டும். கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் வழியாக வடக்கே செல்லும் பெருந்தெருவில், புத்தளம் நகரை அடையச் சற்று முன்னதாகப் பாலாவிச் சந்தி இருக்கிறது. அங்கே இடப்புறம் திரும்பினால் சுமார் 40 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒடுங்கிய நிலத்துண்டு ஒன்று கடலுக்குள் நீண்டு கிடக்கக் காணலாம். மேற்கே இந்து சமுத்திரம். கிழக்கே புத்தளம் களப்பு. நுரைச்சோலை, தலவில, பள்ளிவாசல்துறை, கற்பிட்டி முதலிய ஊர்கள் இந்தத் துண்டிலேதான் இருக்கின்றன. பள்ளிவாசல்துறையில் நின்று பார்ப்பவருக்கு எப்பக்கமும் நீர்தான். ஆயினும் குடிக்கத் தக்க நீர் காலின் கீழே உள்ள மணலில் மட்டுமே ஊறுகிறது.

இந்த மணல்நீரின் இயல்பை அறிந்துகொள்ளுதல் அவசியம். உப்புநீர் கனமானது; மழைநீர் இலேசானது. மணலில் இறங்கிய மழைநீர், அடியிலுள்ள உப்புநீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கிறது. மலைநாட்டில் இருப்பது போலப் பாறையோ களிமண்ணோ இதற்கு மூடியாக இல்லை. சில முழம் தோண்டினால் நீர் வந்துவிடும். தோண்டுவது எவ்வளவு சுலபமோ, மேலே கொட்டியது கீழே இறங்குவதும் அவ்வளவு சுலபம்.

ஒரு லீட்டர் குடிநீரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரையறை. கற்பிட்டிக் குடாநாட்டில் தோட்டங்களை அடுத்த கிணறுகள் பலவற்றில் இந்த எல்லை தாண்டப்பட்டிருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மிகுதியான நைத்திரேற்றுக் கைக்குழந்தைகளின் இரத்தத்தில் பிராணவாயு செல்வதைத் தடைசெய்யக் கூடியது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் தாராளமாக இடுகின்ற உரமே இதற்குப் பெருங்காரணம். எனவே பழி முழுவதையும் பிரயாணிகளின் தலையிற் சுமத்துவது நியாயமாகாது. ஆனால் உரத்தில் இல்லாத ஒன்று மனித மலத்தில் உண்டு. நெருப்புக்காய்ச்சல், செங்கமாரி, வயிற்றோட்டம் ஆகியவற்றின் கிருமிகளை வந்தவர் விட்டுவிட்டுப் போய்விடுவார். கிணற்றுக்குச் சொந்தக்காரர் மறுநாட் காலையிலும் அதே கிணற்றில்தான் வாளியை இறக்க வேண்டும்.

இப்பகுதி மக்கள் இதை ஏட்டில் படித்து அறிந்தவர்கள் அல்லர். 1990 அக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சமடைந்தனர். கற்பிட்டித் தெருவோரத்திலும் முகாம்கள் எழுந்தன. நெருங்கிய குடிசைகளிடையே கிணறு ஒரு பக்கமும் குழி மலசலகூடம் மறுபக்கமுமாக எத்தனையோ ஆண்டுகள் கழிந்தன. உலக வங்கியின் உதவியோடு 2007இல் தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டத்தில், வீட்டோடு குடிநீரும் மலசலகூடமும் சேர்த்தே வைக்கப்பட்டமைக்குக் காரணம் இதுவே. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே குறைந்தது 50 அடி தூரம் வேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்லி வருவதை அங்குள்ள தாய்மார் நன்கு அறிவர். வானிலிருந்து இறங்கி மணல்மேட்டின் பின்னே செல்கிறவருக்கோ, மேட்டின் மறுபுறத்தில் யாருடைய கிணறு இருக்கிறது என்பது தெரியாது.

தலவில அன்னம்மாள் திருத்தலத்தில் மார்ச்சு மாதத்திலும் ஆகஸ்டு மாதத்திலும் பெருவிழா நடைபெறும்போது பல்லாயிரக்கணக்கான மக்கள் கூடுகிறார்கள். பலர் நாட்கணக்கில் தங்கி, அங்கேயே சமைத்து உண்கிறார்கள். அத்தனை பேர் கூடுமிடத்தில்தான் அசுத்தம் அதிகம் என்று தோன்றும். ஆனால் திருவிழாவுக்கு அதிகாரிகள் முன்கூட்டியே கூடிப் பேசுகிறார்கள். தற்காலிக மலசலகூடம், குடிநீர்த் தாங்கி, குப்பை வண்டி என்று ஏற்பாடுகள் நடைபெறுகின்றன. விழா இல்லாத ஒரு சனிக்கிழமையன்று ஒன்பது பேரோடு தனியே வந்து நிற்கும் வானுக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஓங்கில் மீன்களைப் பார்க்கவும், ஆண்டின் நடுப்பகுதியில் காற்றாடி கட்டி அலைமேல் ஓடும் விளையாட்டைக் காணவும் இப்படித் தனித்தனியே வருகின்ற வண்டிகள் ஏராளம். கூட்டத்துக்குத் திட்டம் உண்டு. தனி வண்டிக்கு அதன் சொந்தக்காரரே திட்டமிட வேண்டும்.

அத்திட்டத்தின் முதற்படி, எவ்விடத்தில் வண்டியை நிறுத்துவது என்பதை வீட்டிலேயே தீர்மானிப்பதாகும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துவதாகக் கொள்வோம். நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் ஆகிய நகரங்களில் உணவுச்சாலைகளும் பெற்றோல் நிரப்பு நிலையங்களும் பல இருக்கின்றன. நிறுத்தும் இடத்தில் தேநீர் அருந்துமுன் மலசலகூடத்தைப் பாருங்கள்; அது சுத்தமாயின் தேநீரும் நன்றாயிருக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம். பாலாவியில் திரும்பியபின் வசதிகள் குறைந்துகொண்டே போகும். ஆகவே திரும்பும் முன்னரே எல்லோரும் இறங்கிக் காரியத்தை முடித்துக்கொள்ள வேண்டும். இதைக் குடும்பத் தலைவர் ஒரு விதியாகவே வைத்துக்கொண்டால் நல்லது.

இங்கே ஆண்கள் கவனிக்க வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. நெடும் பிரயாணத்தில் நம் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். தாகம் இல்லாமல் அல்ல. வழியில் மறைவிடம் கிடைக்குமோ என்ற அச்சத்தினால். புத்தளத்து வெயிலில் இவ்வாறு நாவறண்டு இருப்பதனால் தலைவலியும் மயக்கமும் உண்டாகும். சிறுநீரை அடக்குவதனால் நீர்க்கடுப்பும் கிருமித் தொற்றும் வரும். கர்ப்பிணிகளுக்கும் நீரிழிவு உள்ள முதியவர்களுக்கும் இது அபாயமாகவே முடியக்கூடும். 'இன்னும் கொஞ்ச தூரந்தான்' என்று சாரதியும் கணவரும் சொல்லிக்கொண்டே போவது எத்தனை குடும்பங்களில் நடக்கிறது! தரிப்பிடங்கள் இன்னின்னவை என்று புறப்படும்போதே சொல்லிவிட்டால், அம்மா போத்தலைத் திறந்து நிம்மதியாகத் தண்ணீர் குடிப்பார்.

அடுத்தது குப்பை. 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீனும், சோற்றுப் பார்சல் சுற்றும் தாளும், ரெஜிபோர்ம் பெட்டியும் 2017 செப்டெம்பரில் தடைசெய்யப்பட்டன. தடை வந்தது, பழக்கம் அவ்வளவு விரைவாகப் போகவில்லை. வாழையிலையில் கட்டிய சோறு மணமும் தரும், மண்ணுக்கும் கேடு செய்யாது. வண்டியில் இரண்டு பைகள் தொங்கட்டும்: மிஞ்சிய உணவுக்கு ஒன்று, போத்தலும் தாளும் போட மற்றொன்று. குழந்தைகளின் டயப்பருக்கும் பெண்களின் விலக்குக்கால அணையாடைக்கும் மூடியுள்ள சிறு வாளி ஒன்று தனியே வேண்டும். இவற்றை மலசலகூடக் குழியில் போட்டால் குழி அடைபடும். மணலில் புதைத்தால் நாய் தோண்டி எடுக்கும். யானை நடமாடும் காட்டோரத்தில் உணவுக் கழிவை வீசுவது இன்னும் பெரிய தவறு. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் உண்டு யானைகள் மாண்ட செய்தி 2022இன் தொடக்கத்தில் உலகெங்கும் பரவியதை மாணவர்கள் அறிந்திருக்கலாம்.

பைகள் நிறைந்தால் எங்கே போடுவது? பிரதேச சபையின் குப்பை சேகரிக்கும் இடம் எது என்று தங்குமிடத்தாரைக் கேளுங்கள். திருத்தமான பதில் கிடையாவிட்டால் வீட்டுக்கே கொண்டு திரும்புவதில் இழுக்கு ஒன்றுமில்லை. கொழும்பு வாசகர்களுக்கு ஒரு சிறு குறிப்பும் உண்டு. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து 32 உயிர்கள் மாண்டபின், கொழும்பின் குப்பையைப் புத்தளம் மாவட்டத்து அறுவக்காட்டுக்கு அனுப்பும் திட்டம் விரைவுபட்டது. புத்தளத்து மக்கள் எதிர்த்துக் குரல் எழுப்பியும், 2019 ஆகஸ்டில் முதற் குப்பை வந்து சேர்ந்தது. நகரத்தின் அழுக்கைச் சுமக்க இசையாத ஊருக்கு உல்லாசமாகச் செல்பவர்கள், தம் கையிலுள்ள பையையும் அங்கேயே விட்டு வருவது நன்றாயிராது.

மேல்நாடுகளில் படுக்கை, அடுப்பு, மலசலகூடம் யாவும் அமைந்த நடமாடும் வீடுகளில் குடும்பங்கள் ஊர் சுற்றுகின்றன. கேரள அரசு 2021இல் இத்தகைய 'கரவன்' வண்டிகளுக்கெனத் தனிக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. நம் நாட்டிலும் இவ்வகை வண்டியை வாடகைக்கு எடுப்போர் சிலர் இருக்கிறார்கள். இவற்றில் பாத்திரம் கழுவிய நீருக்கு ஒரு தாங்கியும் மலசலத்துக்கு வேறொரு தாங்கியும் இருக்கும். சிறிய வண்டிகளில் மலத்தாங்கி ஏறக்குறைய 20 லீட்டர் கொள்ளும். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒன்றரை லீட்டர் சிறுநீர் என்று வைத்து மாணவர்கள் கணக்குப் பார்க்கட்டும்: ஆறு பேருக்கு இரண்டு நாளில் 18 லீட்டர். அலசும் நீரையும் சேர்த்தால் இரண்டாம் நாள் விடியுமுன்பே தாங்கி நிரம்பிவிடும்!

மேல்நாட்டில் இதை வெறுமையாக்குவதற்கென்றே தெருவோரத்தில் நிலையங்கள் உண்டு. நமது கிராமப்புறத்தில் அந்த வழக்கம் இல்லாதபடியால், இடத்தைப் பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டும்: உங்கள் மலக்குழி அடைத்துக் கட்டியதா, திறந்த குழியா? கிணறு எவ்வளவு தூரம்? குழியை உறிஞ்சும் பவுசர் வண்டி வருவதுண்டா? இக்கேள்விகளுக்கு முகம் சுளிப்பவரிடம் தங்காதிருப்பதே மேல். தாங்கியில் ஊற்றும் நாற்றம் போக்கும் மருந்துகளிற் சில, குழியிலுள்ள நல்ல நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும் என்பதையும் நினைவில் வைக்கவும். இரவில் ஒருவரும் பாராத வேளையில் களப்போரத்தில் குழாயைத் திறந்துவிடுவதைப் பற்றி நாம் எழுதவே விரும்பவில்லை. ஆழம் குறைந்த அந்தக் களப்பிலேதான் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்கின்றன.

வெளியே விட்டது வேறெங்கோ போய்விட்டது என்று எண்ணுவதன் விளைவை இம்மாவட்டம் ஒருமுறை அனுபவித்துத்தான் இருக்கிறது. ஒல்லாந்தர் கால்வாயை ஒட்டி இறால் பண்ணைகள் பெருகிய காலத்தில், பண்ணைக் கழிவு சென்றதும் அந்தக் கால்வாய்க்கே. பண்ணைக்கு நீர் எடுத்ததும் அந்தக் கால்வாயிலிருந்தே. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது அது பண்ணைக்குப் பண்ணை தாவிற்று. குளங்கள் வெறுமையாயின, கடன்பட்டவர்கள் தவித்தார்கள்.

களப்பைக் கண்டபின் புத்தளத்திலிருந்து கிழக்கே அனுராதபுரத்துக்குச் செல்வோர், தூரம் வந்துவிட்டோம் என்று நினைக்கலாம். உண்மையில் களப்பின் மேல்வாசலுக்கே வந்திருக்கிறார்கள். தாதுசேன மன்னன் 5ஆம் நூற்றாண்டில் கட்டுவித்த கலாவெவவிலிருந்து இறங்கும் கலா ஓயா, ராஜாங்கனைக் குளத்தைக் கடந்து, வில்பத்துவின் தெற்கோரமாக வந்து, புத்தளம் களப்பில்தான் விழுகிறது. உலர்வலயத்துக் குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடுக்கப்பட்டவை; மேற்குளத்தில் மிஞ்சியது கீழ்க்குளத்துக்கு வரும். இத்தொடர்க்குள அமைப்பை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 2017இல் உலக விவசாய மரபுரிமையாக ஏற்றது. குளத்தின் தலைப்பக்கத்தில் 'பெரஹன' என்னும் புற்றரையை முன்னோர் விட்டுவைத்தார்கள். ஓடிவரும் நீரின் மண்ணும் அழுக்கும் புல்லிலே தங்கிவிடும். வண்டியை நிழலுக்காக அந்தப் புல்லின் மேல் ஏற்றி நிறுத்துகிறவர்கள் இதைச் சற்றே எண்ண வேண்டும். சவர்க்காரமிட்டுக் குளிப்பவர்கள் வாளியில் நீரை மொண்டு, கரையிலிருந்து 200 அடி தள்ளிச் சென்று குளிக்கலாம். பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு விளையாட்டாகவே இருக்கும்.

அனுராதபுரத்தில் மேற்கு விகாரைகளின் இடிபாடுகளுக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அங்கே சிற்ப வேலைப்பாடு நிறைந்த கல் ஒன்றைக் கண்டு, சிங்காசனமோ என்று வியப்பார்கள். அது பிக்குகளின் சிறுநீர்க் கல். அதன் கீழே நிலத்தினுள் மண்பானைகளை அடுக்கி, மணலும் கரியும் சுண்ணாம்பும் இட்டு, நீர் வடிந்து தெளிந்து மண்ணிற் சேரும்படி செய்திருந்தார்கள்.

குளக்கரையில் கூடாரம் அடிப்பது பற்றி மாணவர் சிலர் கேட்டிருப்பவற்றுக்கு அடுத்த வாரம் விடை எழுதுவோம்.