எம்130 தமிழனின் முத்திரை அல்ல

பாம்பன் தென்கடல் கரையில் ஏலம் முடிந்து கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்த நேரம். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பையன், இப்போது விசைப்படகு ஓட்டுகிறான், செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "பாத்தீகளா சார், எம்130. உலகத்துலேயே மூத்த ஆளுக நாமதான். வெளிநாட்டுக்காரனே மதுரைப் பக்கம் வந்து ரத்தம் எடுத்துட்டுப் போயி சொல்லிட்டான்." மூன்று நிமிட வீடியோ. முடிந்ததும், இலங்கை அகதிகள் முகாம் இருக்கும் மண்டபம் திசையில் கையைக் காட்டினான். "அங்க கேம்ப்ல இருக்கதெல்லாம் வந்தேறிக சார்."

முன்பாதியை மட்டும் சொல்லியிருந்தால் தோளில் தட்டிவிட்டு வந்திருப்பேன். பின்பாதிதான் தூங்க விடவில்லை. அவன் சொன்னது அவனுடைய கருத்து மட்டுமல்ல. கல்யாண வீட்டில், பட்டிமன்ற மேடையில், படித்தவர்கள் வாயிலும் இதைக் கேட்கிறேன். எம்130 என்ற மரபணுக் குறி தமிழனிடம் கிடைத்திருக்கிறது, ஆகவே தமிழனே முதல் இந்தியன், மூத்த குடி, கலப்பில்லாத குடி, மற்றவர்கள் பின்னால் வந்தவர்கள் என்பது வாதம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

இதில் உண்மையான பகுதி உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பன் பல ஆண்டுகள் தென்தமிழக மக்களின் ரத்த மாதிரிகளைத் திரட்டி ஆராய்ந்தார். அந்த உழைப்பு மிகப் பெரியது. ஸ்பென்சர் வெல்ஸ் என்ற மரபியலாளர் அதைத் தன் ஆய்வில் சேர்த்துக்கொண்டு 2002இல் 'தி ஜர்னி ஆஃப் மேன்' என்ற புத்தகம் எழுதினார். அதே பெயரில் ஆவணப்படமும் வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிய ஆதிமனிதர்கள் கடலோரமாகவே நடந்து இந்தியா வழியாக ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார்கள் என்பதற்கு, மதுரை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் கிடைத்த எம்130 அவருக்கு வழியில் கிடைத்த ஒரு சாட்சி. அவ்வளவுதான் அவர் சொன்னது. உலக மனிதர் எல்லாரும் ஒரே குடும்பம், இனம் என்று நாம் பிரித்துக்கொள்வதற்கு மரபணுவில் ஆதாரம் இல்லை என்பதே அந்தப் புத்தகத்தின் சாரம். அந்தச் சாரத்தைக் கீழே போட்டுவிட்டுச் சக்கையைக் கையில் வைத்திருக்கிறோம்.

எம்130 தமிழனிடம் மட்டுமா இருக்கிறது? டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளால் ஆன நீண்ட ஏடு. ஒய் குரோமோசோமில் ஓரிடத்தில் சி இருக்க வேண்டிய இடத்தில் டி விழுந்திருக்கிறது. அந்த ஓர் எழுத்துப் பிழைக்குத்தான் எம்130 என்று பெயர். ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் யாரோ ஒருவருக்கு நேர்ந்த பிழை, மகன், பேரன் என்று இறங்கிக் கிளைவிட்டது. அந்தக் கிளைகள் இன்று மங்கோலியரிடம் இருக்கின்றன, கசாக்கியரிடம் இருக்கின்றன, ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் பசிபிக் தீவுக்காரர்களிடமும் ஜப்பானியர் சிலரிடமும் இருக்கின்றன. செங்கிஸ்கானின் வழியாக இருக்கலாம் என்று 2003இல் ஓர் ஆய்வு சொன்ன பிரபலமான ஒய் வரிசையும் எம்130இன் ஒரு கிளைதான். தமிழ்நாட்டிலோ, பெரும்பாலான ஆண்களிடம் அது கிடையாது. எச், எல், ஆர், ஜே என்று வேறு கிளைகள்தாம் இங்கே அதிகம். எம்130 இருப்பவன்தான் தமிழன் என்றால் நம் ஊரில் பெரும்பாலோரைக் கழித்துவிட்டு மங்கோலியரைச் சேர்த்துக்கொள்ள வேண்டிவரும்.

மூத்த குடி என்ற பேச்சுக்கு வருவோம். இன்று உயிரோடு இருக்கிற எல்லாருக்கும் பின்னால் இருக்கிற காலம் ஒன்றேதான். என் பாட்டன் வரிசையும் ஒரு நார்வேக்காரரின் பாட்டன் வரிசையும் நடுவில் எங்கும் அறுபடாமல் ஆப்பிரிக்காவுக்கே போகின்றன. ஒரு குறி பழையது என்றால் அந்தப் பிழை நேர்ந்த காலம் பழையது என்றுதான் அர்த்தம். அதைச் சுமப்பவன் மற்றவனைவிடப் பழையவன் ஆகிவிட மாட்டான். ஆதிக்கிளைகளைத்தான் தேட வேண்டும் என்றால் அவை ஆப்பிரிக்காவில் இருக்கின்றன; எம்130 பிறப்பதற்கு வெகு முன்பே பிரிந்த கிளைகள் அவை.

அந்தப் பையனுக்கு இதையெல்லாம் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. ஒரு குச்சியை எடுத்து ஈர மணலில் வட்டம் போட்டேன். கீழே ஒன்று, அது நீ. மேலே இரண்டு, அப்பா அம்மா. அதற்கு மேலே நான்கு, அதற்கும் மேலே எட்டு. "உன் பேருக்கு முன்னாடி இருக்கிற இனிஷியல் யாரு குடுத்தது?" என்றேன். "அப்பா." "அப்பாவுக்கு?" "தாத்தா." ஒய் குரோமோசோமும் அந்த இனிஷியல் மாதிரிதான். அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் வரும். மேலே இருந்த எட்டு வட்டத்தில் இடது ஓரத்தில் இருந்த ஒன்றே ஒன்றைத்தான் அது தொடுகிறது. இன்னும் ஏழு பேர்? பத்துத் தலைமுறை மேலே போனால் 1,024 வட்டம், அதிலும் இனிஷியல் ஒன்றுதான். நம் மொத்த டி.என்.ஏ.வில் 300 கோடி எழுத்துகள். ஒய்யில் இருப்பது சுமார் 6 கோடி. அந்த இரண்டு சதவீதத்தை வைத்துக்கொண்டு ஒரு இனத்துக்கே ஜாதகம் எழுதுகிறோம். பெண்களுக்கு அந்த ஒய்யே கிடையாது. அவனைப் பெற்றவளுக்கும் அவன் அக்காவுக்கும் எம்130 இருக்க வழியே இல்லை. அப்படியானால் அவர்கள் எந்தக் குடி?

எட்டு வட்டத்தில் அவனுக்குப் பெயர் தெரிந்தது ஆறுக்குத்தான். ஆறாவது வட்டத்தில் குச்சியை வைத்தபோது, "அந்த அப்பாயி தலைமன்னார்ல பொறந்தது சார்" என்றான்.

தமிழின் தொன்மைக்கு இந்தக் குறி சாட்சி என்பது அடுத்த வாதம். ரத்தத்தில் மொழி ஓடுவதில்லை. எம்130 பிறந்த காலத்தில் தமிழ் மட்டுமல்ல, இன்று நாம் அறிந்த எந்த மொழியும் இல்லை. தமிழின் பழமைக்கு மாங்குளம் கல்வெட்டு இருக்கிறது, கீழடி இருக்கிறது, நம் மாவட்டத்திலேயே வைகை முகத்துவாரத்தில் அழகன்குளம் இருக்கிறது. அங்கே மண்ணைத் தோண்டினால் ரோமானியக் காசு கிடைக்கிறது. கல்லிலும் ஓட்டிலும் எழுதிவைத்த சான்றுகளை வைத்திருக்கிறவர்கள், எழுத்தே இல்லாத ஓர் எழுத்துப் பிழையிடம் போய்ச் சாட்சி கேட்க வேண்டியதில்லை.

கலப்பில்லாத ரத்தம் என்ற வாதத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இதில்தான் உயிர்ச்சேதம் இருக்கிறது. ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் லால்ஜி சிங்கும் குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரெய்க்கும் சேர்ந்து 2009இலும் 2013இலும் வெளியிட்ட ஆய்வுகள், ஆராய்ந்த ஏறக்குறைய எல்லா இந்தியச் சமூகங்களும் கலந்தவையே என்று காட்டின. கலப்பு நடந்தது இன்றைக்கு 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு. அதற்குப் பிறகுதான் கதவைச் சாத்திக்கொண்டோம், சாதிக்குள்ளேயே கொண்டு கொடுத்தோம். டோனி ஜோசப் 2018இல் எழுதிய 'ஏர்லி இந்தியன்ஸ்' இதை எளிமையாகச் சொல்கிறது: எந்த மொழி பேசினாலும், எந்தச் சாதியில் இருந்தாலும், இன்றைய இந்தியரின் மரபில் சராசரியாகப் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவிலிருந்து நடந்து வந்த அந்த ஆதிக்குடிகளிடமிருந்து வந்தது. அந்தச் சொத்தில் பஞ்சாபிக்கும் பங்கு உண்டு, நமக்கும் பங்கு உண்டு.

கதவைச் சாத்தியதற்கு நாம் கொடுக்கும் விலை வேறு. 2017இல் வந்த ஆய்வு, இந்தியச் சமூகங்கள் பலவற்றில் ஒரு சில மூதாதையரின் நோய்க்கூறுகள் உள்ளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் பெருகியிருப்பதைக் காட்டியது. அதே மதுரைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பெருந்துறை தண்டபாணியும் தங்கராஜும் மற்றவர்களும் 2009இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு ஒன்று உண்டு: இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன, அது தெற்காசியர்களில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருக்கிறது, நடுவயதுக்குப் பிறகு இதயத்தைப் பலவீனமாக்குகிறது. நம் ரத்தத்தைப் பற்றி நமக்கு உண்மையில் தெரிந்திருக்க வேண்டிய செய்தி இதுதான். எனக்கு இதுவரை யாரும் இதை வீடியோவாக அனுப்பியதில்லை.

மரபணு உயர்வு தாழ்வு சொல்லும் என்று நம்பியவர்களில் பெரியவரே ஒருவர் இருந்தார். 1953இல் கிரிக்குடன் சேர்ந்து டி.என்.ஏ.வின் ஏணி வடிவத்தைச் சொன்ன ஜேம்ஸ் வாட்சன்தான் அவர். 1968இல் 'தி டபுள் ஹெலிக்ஸ்' எழுதினார், பரபரப்பான புத்தகம்தான். ஆனால் யாருடைய ஆய்வகத்து எக்ஸ்ரே படம் அந்த வடிவத்துக்கு வழி திறந்ததோ, அந்த ரோசலிண்ட் ஃப்ராங்க்ளினை அதில் அவர் நடத்திய விதம் நியாயமில்லை. பதில் சொல்ல அந்த அம்மா உயிரோடும் இல்லை. பிற்காலத்தில் கறுப்பின மக்களின் அறிவைப் பற்றி ஆதாரமில்லாமல் இழிவாகப் பேசினார். அவர் பல்லாண்டுகள் தலைமை வகித்த ஆய்வகமே 2019இல் அவருடைய கௌரவப் பட்டங்களைப் பறித்தது. ஏணியின் வடிவத்தைக் கண்டவரே சறுக்கிய இடம் அது.

கடைசியாக, வந்தேறி. எம்130 இந்தக் கரைக்கு வந்த காலத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடப் பல பத்து மீட்டர் கீழே இருந்தது. பாம்பனுக்கு வடக்கே இருக்கும் வடகடலின் ஆழம் நம் படகுக்காரர்களுக்குத் தெரியும். பெரும்பாலும் ஆறேழு பாகம் தாண்டாது. அது அப்போது தரை. பாம்பன் என்று ஒரு தீவே இல்லை. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரை இன்று வரிசையாகத் தெரிகிற மணல் தீடைகள் அந்தத் தரையின் மிச்ச மேடுகளில் அமைந்தவை. சுமார் ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான் கடல் உள்ளே வந்து இரண்டு கரையாக்கியது. நடந்து போன மனிதனுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று எதுவும் இல்லை. அவன் கால்பட்ட கரைகூட இன்று தண்ணீருக்கடியில்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 1914 முதல் 1964 டிசம்பர் புயல் வரை தனுஷ்கோடியில் ரயில் இறங்கிக் கப்பல் ஏறினால் தலைமன்னார். பையன் சொன்ன அந்த அப்பாயி அந்தக் கப்பலில்தான் வாழ்க்கைப்பட்டு வந்திருக்கிறது. அவன் கையைக் காட்டிய மண்டபம் கேம்ப்பும் அகதிகளுக்காகக் கட்டியது அல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன நம் ஜனங்களை, நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக இலங்கை அரசு தங்கவைத்த முகாம் அது. 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு தோட்டத்துக்காரர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே முகாம் வழியாகத்தான் திரும்பி வந்தார்கள். 1983 இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு, வீடெரிந்து வந்தவர்கள் அங்கே தங்கினார்கள்.

இதைச் சொல்லி முடித்தபோது வெயில் ஏறிவிட்டது. அவன் குனிந்து, ஆறாவது வட்டத்துக்குள் விரலால் அப்பாயி பெயரை எழுதினான்.