கடற்கரையில் குடும்பத்தோடு ஓர் இரவு: இந்த வியாபாரத்தை யார் செய்யப் போகிறார்கள்?

லண்டனில் இருக்கும் என் தங்கையின் மகன் சில வாரங்களுக்கு முன் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டான். "மாமா, டிசம்பர் லீவுக்குப் பிள்ளைகளோட வாறம். அங்க ஒரே குளிர். ஹோட்டல் அறைக்குள்ள அடைஞ்சு கிடக்க விருப்பமில்லை. யாழ்ப்பாணத்தில கடற்கரையோரமா, குடும்பத்தோட கூடாரம் அடிச்சுத் தங்கக்கூடிய இடம் எங்க இருக்கு?"

இல்லாத சரக்கைக் கேட்டால் "நாளைக்கு வரும்" என்று சொல்வது வியாபாரிகளாகிய எங்களுடைய பழக்கம். எனக்கு அதைச் சொல்லவும் வாய் வரவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் இரும்புக்கடை வைத்திருப்பவன். தறப்பாள், கயிறு, குழாய், பிளாஸ்ரிக் தண்ணீர்த் தாங்கி எல்லாம் விற்கிறேன். கூடாரம் அடிக்கத் தேவையான அத்தனையும் என் கடையில் உண்டு. அதை அடிக்க ஓர் இடத்தைத்தான் காட்ட முடியவில்லை.

ஐரோப்பாவில் இது பழைய வியாபாரம். ஸ்பெயினின் கடற்கரைகளுக்குப் பிரித்தானியா, ஜேர்மனி, ஒல்லாந்து நாட்டவர்கள் குளிர்காலம் முழுவதும் வண்டி கட்டிக்கொண்டு வந்து தங்குகிறார்கள். நில உரிமையாளர் அவர்களுக்கு அறை வாடகைக்கு விடுவதில்லை. எல்லை குறித்த ஒரு துண்டு நிலம், பக்கத்தில் ஒரு குழாய், மின்சாரம் எடுக்க ஒரு முனை, கொஞ்சம் தள்ளிச் சுத்தமான குளியலறையும் மலசலகூடமும். இவ்வளவுதான் கொடுக்கிறார். கூடாரமும் படுக்கையும் வருகிறவர்களுடையவை. மருமகன் இதை விளக்கியபோது, கட்டடம் கட்டாமல் வாடகை வாங்கும் வித்தை என்றுதான் என் புத்திக்குப் பட்டது.

அப்படி ஓர் இடம் இங்கே இல்லாததால் வரும் கஷ்டத்தை நான் அனுபவித்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் புத்தளத்திலிருந்து சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். சின்னஞ்சிறுசுகளோடு பதினாலு பேர். சட்டி, பானை, அடுப்பு, பாய் சகிதம் வேன் பிடித்துப் பின்னேரம் ஒரு கடற்கரைக்குப் போனோம். எந்தக் கடற்கரை என்று எழுத மாட்டேன். அஸர் தொழுதுவிட்டுப் பிள்ளைகள் கடலில் இறங்கினார்கள். மீன் வாங்கிப் பொரித்தோம். மஃரிப் ஆனதும் மலசலகூடத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் பொறுப்பாளர் வீட்டுக்குப் போய்விட்டார். குழாயிலும் தண்ணீர் நின்றுவிட்டது. ஆண்கள் எப்படியோ சமாளித்தோம். பெண்கள் என்ன செய்வார்கள்? சம்பந்தியம்மா ஒன்றும் சொல்லவில்லை, சாப்பாட்டையும் தண்ணீரையும் தொடாமலே இருந்தார். அதற்குப் பிறகுதான் விஷயம் எனக்குப் புரிந்தது. இரவு பதினொரு மணிக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பினோம். விடியும்வரை அங்கே இருப்பதாகத்தான் பேச்சு.

அன்றிரவு நாங்கள் செலவழிக்கத் தயாராக இருந்த பணம் செலவாகாமலே திரும்பி வந்தது. காலைச் சாப்பாடு, தேநீர், ஐஸ்கிறீம், வள்ளச் சவாரி, வீட்டுக்குக் கொண்டுபோகக் கருவாடு, பனங்கட்டி. ஒரு வேன் இரவில் தங்காமல் போனால் அந்த ஊர்க் கடைகளுக்கு இவ்வளவும் நட்டம். 2009 இல் ஏ9 பாதை திறந்த நாளிலிருந்து தெற்கிலும் கிழக்கிலும் இருந்து பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். நயினாதீவுக்குப் போகிறவர்கள் வீதியோரத்தில் சோறு சமைத்துச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம். இந்த நாட்டுக் குடும்பங்களுக்குக் கூடாரம் புதிதாக இருக்கலாம். பானையோடும் பாயோடும் பயணம் போவது புதிதல்ல. சரக்கு வாங்க ஆள் நிற்கிறது, விற்கத்தான் ஆளில்லை.

இடத்துக்கும் குறைவில்லை. பொன்னாலைப் பாலம் தாண்டிக் காரைநகரில் கசூரினா கடற்கரை. சவுக்கு மர நிழல், அலை குறைந்த கடல், கனதூரம் நடந்தாலும் ஆழம் குறைவு. சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கடல் வடக்கில் நான் கண்டதில்லை. பண்ணைப் பாலத்தால் போனால் வேலணையில் சாட்டிக் கடற்கரை, பட்டணத்துக்குக் கிட்ட. வடமராட்சி கிழக்கில் மணற்காடு. மணல் குன்றுகளும், மணலில் புதைந்த பழைய அந்தோனியார் கோயிலின் இடிபாடும் பார்க்க வேண்டியவை. ஆனால் அங்கே வங்காள விரிகுடா நேரே வந்து மோதுகிறது. மாரியில் பிள்ளைகளை அந்தக் கடலில் இறக்குவது புத்தியல்ல. நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானில் படகேற வேண்டும். கடைசிப் படகைத் தவறவிட்டவன் அங்கே தங்கித்தான் ஆகவேண்டும் என்பதால், இரவுக்கு இடம் கொடுக்கும் வியாபாரம் அங்கே தானாகவே நடக்கும்.

இனி மருமகனுடைய டிசம்பருக்கு வருகிறேன். முதல் போடுகிறவர்கள் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இது.

குளிர்கால விடுமுறை என்றால் வெளிநாட்டில் டிசம்பர். எங்களுக்கோ ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மாரி. வருடத்து மழையில் பெரும்பங்கு இந்த மூன்று மாதத்திலேயே கொட்டித் தீர்க்கிறது. புயலும் அப்போதுதான். 2008 நவம்பரில் நிஷா, 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரேவி, 2024 நவம்பரில் பெங்கால், 2025 நவம்பர் கடைசியில் நாட்டையே உலுக்கிய டித்வா. இந்த வரிசையைப் பார்த்த பிறகும் டிசம்பரில் கடலோரம் கூடாரம் அடிக்கப் பணம் வாங்குகிறவன் வியாபாரி அல்ல. கடல் நீர் அப்போதும் சூடாகத்தான் இருக்கும். மேலே தறப்பாள் ஒழுகும், கீழே பாய் மிதக்கும்.

ஆகவே மருமகனிடம் உள்ளதைச் சொன்னேன். டிசம்பரில்தான் வருவதென்றால் கடற்கரை இரவுக்கு வெலிகம, உனவட்டுன பக்கம் போ, அந்தப் பருவத்தில் தெற்குக் கடல்தான் நல்லது. இங்கே எங்கள் வீட்டில் தங்கி, மழை விட்ட பகலில் கசூரினாவுக்குப் போய் வா என்றேன். வாடிக்கையாளனை அடுத்த கடைக்கு அனுப்புவது கஷ்டம்தான். அனுப்பினால் அவன் திரும்பி வருவான்.

எங்கள் பருவம் தை நடுவிலிருந்து சித்திரை வரை. வாடைக் காற்று தணிந்து, மழை ஓய்ந்து, வெயிலும் உச்சத்துக்கு ஏறாத காலம். ஐரோப்பாவிலும் கனடாவிலும் அப்போது குளிர் விட்டிருக்காது. பிரித்தானியப் பாடசாலைகளுக்குப் பெப்ரவரி நடுவில் ஒரு வாரம் லீவு, ஒன்ராறியோவில் மார்ச்சில் ஒரு வாரம். புலம்பெயர்ந்தோர் எல்லாம் டிசம்பரிலோ நல்லூர்த் திருவிழாவுக்கோதான் வருவார்கள் என்று நினைத்திருக்கிறோம். இந்த இரண்டு வாரங்களைப் பற்றி யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொன்னதில்லை. எங்களவர்களுக்கு அடுத்த இரண்டு மூன்று வருடம் பெப்ரவரியில் நோன்பு வருவதால் அது பொருந்தாது. ஆனால் பெருநாள் பொருந்தும். 2025 இல் மார்ச் கடைசியில் வந்த நோன்புப் பெருநாள், வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்தள்ளி, 2028 இல் பெப்ரவரிக் கடைசிக்கு வந்துவிடும். அதாவது புத்தளம், அக்குறணை, காத்தான்குடிக் குடும்பங்கள் பெருநாள் பயணம் புறப்படும் நாளும் யாழ்ப்பாணக் கடலின் நல்ல நாளும் சில வருடங்களுக்கு ஒன்றாக வரப்போகின்றன. வைகாசிக்குப் பிறகு சோளகம் பிடித்துவிடும், மணல் பறக்கும். அப்போது கூடாரம் அடிப்பவன் முளையை நம்பக்கூடாது. மணல் நிரப்பிய சாக்கில் கயிற்றைக் கட்டி ஆழப் புதைக்க வேண்டும்.

இதற்கு என்ன முதல் வேண்டும்? பலர் முதலில் கூடாரம் வாங்க ஓடுவார்கள். சீனக் கூடாரம் வாங்குவது மிக இலகு, அதனால்தான் அதில் போட்டி வரும். நான் சொல்வது, முதல் பணத்தை மலசலகூடத்தில் போடுங்கள். உள்ளே தாழ்ப்பாள் உள்ள கதவு, விடியும்வரை எரியும் விளக்கு, வாளி நிறையத் தண்ணீர், துப்புரவுக்குச் சம்பளம் வாங்கும் ஒரு ஆள். குடும்பம் தங்குமா தங்காதா என்பதை வீட்டுப் பெண்கள்தான் தீர்மானிக்கிறார்கள். அவர்கள் முதலில் பார்ப்பது கடலையல்ல, அந்தக் கதவைத்தான். குளிப்பதற்கும் அப்படியே. கீரிமலைக் கேணியில் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்குச் சுவர் மறைப்போடு வேறொன்று என்று முன்னோர் கட்டி வைத்திருக்கிறார்கள். அதை முஸ்லிம்கள் கேட்டுக் கட்டவில்லை. இந்த மண்ணின் பெண்கள் எல்லோருக்கும் மறைப்பு வேண்டும். பனையோலையால் ஒரு வேலி, உடை மாற்ற ஒரு அறை, நல்ல தண்ணீரில் உப்புக் கழுவ இரண்டு குழாய். அதிகச் செலவில்லை.

தண்ணீரில்தான் விஷயம் இருக்கிறது. எங்கள் நிலத்தின் கீழே சுண்ணாம்புக் கல். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு படலமாக மிதக்கிறது. கடலோரக் கிணற்றில் பெரிய மோட்டர் போட்டு இழுத்தால் சில நாளில் உப்பு மேலேறிவிடும். பிறகு உங்களுக்கும் தண்ணீரில்லை, அயலாருக்கும் இல்லை. ஊரோடு பகை வந்தபின் வியாபாரம் எங்கே? அதேபோல் மலக்குழியைச் சும்மா தோண்டி விட்டால் கல்லின் வெடிப்பு வழியே கிணற்றுக்குப் போய்ச் சேரும். அடியும் சுவரும் சீமெந்து பூசிய, கசிவில்லாத தொட்டி கட்டி, நிரம்பியதும் பௌசரில் ஏற்றி அனுப்பத்தான் வேண்டும். இந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் லாபம் பார்க்கிறவர் தன்னையே ஏமாற்றுகிறார். குடிதண்ணீரையும் காசு கொடுத்தே வாங்குங்கள். 2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்த பிறகும், உங்கள் காணி வாசலுக்குக் குழாய் வந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

மழைக்கு ஒரு பொது மண்டபமும் வேண்டும். உயர்த்திய நிலம், ஓலையோ தகரமோ கூரை, பக்கச் சுவர் வேண்டாம். திடீரென மழை வந்தால் எல்லாக் குடும்பமும் பாயோடு ஓடிவர இடமிருக்க வேண்டும். தொழுகைக்கும் அதில் ஒரு ஓரம் விடலாம்.

காணி விஷயத்தில் அவசரம் கூடாது. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, கடல் நீர்மட்ட எல்லையிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்கு அனுமதி எடுக்க வேண்டும். பின்னால் உறுதியுள்ள தனியார் பனங்காணி ஒன்றைச் சில வருடக் குத்தகைக்கு எடுத்து, கடலுக்கு நடந்து போக வைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அதற்கும் முதல், அந்தக் கரையில் கடற்றொழிலாளர் சங்கத்தோடு பேசுங்கள். வள்ளம் இழுத்து வைப்பதும் வலை உலர்த்துவதும் கரைவலை இழுப்பதும் அவர்கள் பரம்பரையாகச் செய்துவரும் தொழில். மீனை அவர்களிடமே வாங்குங்கள், இரவுக் காவலுக்கு அவர்கள் பிள்ளைகளையே போடுங்கள்.

இதை நம்மவர் யாரும் செய்யாமல் இருப்பதற்கு வேறொரு காரணமும் இருக்கலாம் என்று சில நேரம் நினைப்பேன். வடக்கில் "முகாம்" என்ற சொல்லுக்கு வேறு பொருள். 1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டபோது எனக்கு இருபது வயது. புத்தளத்தில் கிடுகுக் குடிசையில் வருடக் கணக்கில் மண் தரையில் படுத்தோம். காலையில் உம்மாவும் தங்கையும் வாளியோடு வரிசையில் நின்றது தண்ணீருக்காக மட்டுமல்ல. இப்போது அதே தங்கையின் மகன் காசு கொடுத்துத் தரையில் படுக்க இடம் தேடுகிறான். அவனிடம் இதைச் சொல்லவில்லை. தங்கையிடம் மட்டும், "உன்ட மகன் முகாமுக்குப் போகப் போறானாம்" என்றேன். "மலசலகூடம் இருக்கா எண்டு முதல்ல பாக்கச் சொல்லு நானா" என்றாள்.

எங்கள் ஆட்களுக்கு இந்தத் தொழில் அந்நியமல்ல. பொத்துவில் அறுகம்குடாவில் அலை விளையாட்டுக்கு வருகிறவர்களை வைத்து நம் சகோதரர்கள் பருவத்துக்குப் பருவம் பிழைக்கிறார்கள். கற்பிட்டியில் காற்றுக்கு வருகிறவர்களுக்கு ஓலைக் குடில் போட்டுக் கொடுக்கிறார்கள். அங்கே வருவது பெரும்பாலும் வெளிநாட்டு இளைஞர். குடும்பத்துக்கென்று ஒரு கடற்கரையை யாரும் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.

தனியாக வேண்டாம். காணி உள்ளவர் ஒருவர், கட்டட வேலை தெரிந்தவர் ஒருவர், வேன் ஓட்டுகிறவரோ சாப்பாட்டுக்கடைக்காரரோ ஒருவர் என்று மூவர் சேர்ந்து, லாப நட்டப் பங்கை எழுத்தில் வைத்துக்கொண்டு, முதல் வருடம் ஆறு குடும்பத்துக்கு மேல் எடுக்காமல் நடத்திப் பாருங்கள். குத்தகை எடுக்க நினைப்பவர்கள் காரைநகர், வேலணை, பருத்தித்துறைப் பிரதேச சபைகளின் அறிவித்தல் பலகையை வருடக் கடைசியில் போய்ப் பார்க்க வேண்டும், அடுத்த வருடக் கேள்விகள் கோருவது அப்போதுதான். மாரி மழையில் யாரும் கடற்கரைப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். காணிக்காரரோடு விலை பேசவும் அதுதான் நேரம்.