எண்ணெய் ஏரி எங்கே?

"பூமிக்கடியில் பெட்ரோல் ஏரி இருக்கிறதாமே, எங்கள் பழவேற்காடு ஏரி மாதிரி?" என்று அனுப்பம்பட்டிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்.

ஏரியுமில்லை, குளமுமில்லை, அம்மா! ஒரு டம்ளர் நிறைய மணலை எடுத்துத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நிறைந்த டம்ளர்தான், ஆனாலும் தண்ணீர் உள்ளே போகிறது. மணலுக்கு நடுவே அத்தனை இடுக்கு! அந்த மணலே இறுகிக் கல்லானால் மணற்பாறை. நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் அப்படிப்பட்ட இடுக்குகளில்தான் எண்ணெய் தங்கியிருக்கிறது. மேலே களிப்பாறை மூடி போட்டாற்போல் இருப்பதால் தப்பி ஓடவில்லை.

இனி டம்ளரின் வாயில் துணி கட்டிக் கவிழுங்கள். ஊற்றியதெல்லாம் திரும்பாது, மணலோடு ஒட்டிக்கொண்டது கொஞ்சமா? எண்ணெய் வயலிலும் இதே கதைதான். மூன்றில் ஒரு பங்கு மேலே வந்தாலே பெரிய காரியம்! 'இருப்பு' என்று கணக்கில் எழுதுவது, கிடப்பதையெல்லாம் அல்ல. கட்டுப்படியாகும் செலவில் எடுக்கக்கூடியதை மட்டுந்தான். பத்திரிகையில் பெரிய எண்ணைக் கண்டதும் கேஸ் விலை இறங்குமென்று எண்ணிவிடாதீர்கள். நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் அயல்நாட்டுச் சரக்கு.

நரிமணத்துக்குப் பக்கத்தில் பனங்குடியில் 1993-ல் சுத்திகரிப்பு ஆலையும் வந்தது. ஆனால் அந்த மணற்பாறையின் தலைமேல் இருப்பது நெல்வயல் அல்லவா? டெல்டாவில் புதிதாக எண்ணெய் தோண்டக் கூடாதென்று 2020-ல் சட்டம் வந்துவிட்டது. ஏற்கெனவே நடந்துவந்த கிணறுகளை அது நிறுத்தவில்லை.