மருந்து ஒன்று, விலை இரண்டா?

எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. கிருமி, உடலில் குடியேறாமலே தடுக்கும் ஊசி மருந்து வந்துவிட்டது. லெனகாபவிர் என்பது அதன் பெயர். ஆறு மாதத்திற்கு ஒரு தடவை போட்டுக்கொண்டால் போதும். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த சோதனையில், இதைப் போட்டுக்கொண்ட 2,134 இளம் பெண்களில் ஒருவரைக்கூடக் கிருமி தொற்றவில்லை என்று 2024-ல் முடிவு வெளியாயிற்று. விஞ்ஞானத்தின் இந்த வெற்றியை மனமார வரவேற்கிறோம்.

தடுப்பு மாத்திரை 2012 முதலே உண்டு. ஆனால் நாள் தவறாமல் விழுங்க வேண்டும். வாரக்கணக்கில் லாரி ஓட்டுபவனுக்கு அது எளிதா? மாத்திரைப் புட்டி கண்ணில் பட்டால் ஊரின் ஏச்சுக்கும் வீட்டின் அடிக்கும் ஆளாகும் பெண்ணுக்கு அது நடக்குமா? அவர்களுக்குத்தான் இந்த ஊசி பெரும் துணை.

ஆனால் விலை? 2025 ஜூனில் அமெரிக்க சர்க்கார் அனுமதி தந்ததும், கிலியட் கம்பெனி அங்கே வைத்த விலை ஆண்டுக்கு 28,218 டாலர்! அதே மருந்தை, 2027 முதல் ஆண்டுக்கு 40 டாலருக்குத் தருவதாக ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டிரோ கம்பெனிகளுடன் ஏற்பாடாகியிருப்பதாக 2025 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. எழுநூறு மடங்கு வித்தியாசம்! ஆராய்ச்சிக்குச் செலவாயிற்று என்பார்கள். ஆகியிருக்கும், மறுக்கவில்லை. அந்தச் செலவுக்கு எழுநூறு மடங்கா கூலி?

மலிவு மருந்துக்கும் வேலி உண்டு. 2024 அக்டோபரில் ஆறு கம்பெனிகளுக்குக் கிலியட் தந்த உரிமம் 120 நாடுகளுக்கு மட்டுமே. பிரேசில், அர்ஜென்டினா, மெக்சிகோ, பெரு ஆகியவை அதில் இல்லை. மருந்தைச் சோதிக்க அந்நாட்டு மக்களின் உடல் வேண்டும். மருந்து விற்கும்போது அவர்கள் பட்டியலில் இல்லை! இது என்ன நியாயம், தோழர்களே?

2001-ல் என்ன நடந்தது? ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற எய்ட்ஸ் மருந்துக் கூட்டை, இந்தியாவின் சிப்லா 350 டாலருக்குத் தர முன்வந்தது. வானம் இடிந்து விழவில்லை; உயிர்கள்தான் பிழைத்தன. மக்கள் நலமே காப்புரிமைக்கு மேல் என்று அதே ஆண்டு தோஹாவில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. 2007-ல் எஃபாவிரென்ஸ் மருந்துக்குக் கட்டாய உரிமம் பிறப்பித்துப் பிரேசில் வழிகாட்டியது.

விலை குறைந்தால் மட்டும் போதாது. 2025 பிப்ரவரியில், அமெரிக்க உதவிப் பணத்தில் கிடைக்கும் தடுப்பு மருந்து கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் மட்டுமே என்று கட்டளை பிறந்தது. தாய்மார்களுக்குக் கொடுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? பாலியல் தொழிலாளியும் திருநங்கையும் ஆணை விரும்பும் ஆணும் மனிதரில்லையா? கிருமி ஒழுக்கச் சான்றிதழ் பார்த்துத் தொற்றுவதில்லை.

2024-ல் மட்டும் உலகில் புதிதாகத் தொற்றியவர்கள் சுமார் 13 லட்சம் பேர். எனவே நாம் சொல்கிறோம்: விலக்கப்பட்ட நாடுகளையும் உரிமத்தில் சேர்க்கவேண்டும். கம்பெனி மறுத்தால், அந்தந்த சர்க்கார் கட்டாய உரிமம் பிறப்பிக்கவேண்டும். ஆபத்தில் இருப்போரின் சொந்தச் சங்கங்கள் வழியாகவே ஊசி அவர்களைச் சென்றடையவேண்டும். பூட்டிவைத்த மருந்து யாரையும் காப்பதில்லை. பூட்டைத் திறக்கும் சாவி சட்டத்திலேயே இருக்கிறது. அதை எடுக்கும் துணிவை, மக்களின் குரல்தான் சர்க்கார்களுக்குத் தரவேண்டும்!