அழைத்தவர் யார்? செலவு யாருக்கு?

 

பெரிய தொகைகளில் நாம் விழிப்பாகவே இருக்கிறோம். சில்லறைச் செலவுகளில்தான் அடுத்தவர் ஹக்கு நம் கையில் தங்கிவிடுகிறது. தொலைபேசிக் கட்டணம் அத்தகைய ஒன்று.

1990களில் வீட்டிலிருந்து காரியாலயக் கணனியில் வேலை செய்யும் ஊழியர், மோடம் மூலம் தொலைபேசியில் அழைத்தே தொடர்பு கொள்வார். தொடர்பு நீடிக்கும் நேரத்திற்கெல்லாம் அழைத்தவரே பணம் கட்ட வேண்டும். வேலையின் பலன் முதலாளிக்கு. பில் ஊழியரின் வீட்டுக்கு! பிள்ளையின் பால்மாவுக்கு வைத்த காசு இப்படிக் கரைவது நீதியாகுமா?

இதற்கு வழியாக அமைந்ததே 'கோல்பெக்' எனும் திருப்பி அழைக்கும் முறை. 1996இல் வெளிவந்த வின்டோஸ் என்டி 4.0இல் இதற்கு மூன்று தெரிவுகள் இருந்தன. ஒன்று, திருப்பி அழைக்காமல் விடுவது. இரண்டு, அழைப்பவர் கொடுக்கும் எண்ணுக்குத் திருப்பி அழைப்பது. மூன்று, நிர்வாகி முன்கூட்டியே பதிந்த எண்ணுக்கு மட்டும் அழைப்பது. ஊழியரின் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்த்ததும் காரியாலயக் கணனி தொடர்பைத் துண்டித்து, தானே திரும்ப அழைக்கும். முதல் அழைப்பின் சிறு செலவு ஊழியருக்கு, மீதியெல்லாம் காரியாலயத்துக்கு. ஐஎஸ்டிஎன் இணைப்பிலோ, அழைப்பை ஏற்குமுன்பே அழைப்பவரின் எண் தெரிந்துவிடும். எனவே ஏற்காமலே திருப்பி அழைத்து, அந்தச் சிறு செலவையும் தவிர்க்க முடிந்தது.

மூன்றாவது தெரிவில் முதலாளிக்கும் பாதுகாப்பு உண்டு. கடவுச்சொல்லைத் திருடியவன் வேறிடத்திலிருந்து அழைத்தாலும், மணி அடிப்பது ஊழியர் வீட்டில்தான். இரண்டாவது தெரிவோ முழுக்க நம்பிக்கையில் நிற்பது. காரியாலயச் செலவில் திறந்த லைனைச் சொந்த அலுவலுக்குப் பயன்படுத்துவதும், வேலை முடிந்தபின் துண்டிக்காமல் விடுவதும் அமானத்துக்குச் செய்யும் மோசடியாகும். வீண்விரயமும் அதனுடன் சேரும்.

இரு நண்பர்கள் செலவைப் பகிர்வதாயின், "இன்று நீ அழை, நாளை நான்" என்பது மட்டும் போதாது. ஒரு நாள் ஐந்து நிமிடம், மறுநாள் ஒரு மணித்தியாலம் என்றால் பங்கு சமமாகாது. நேரத்தைக் குறித்துவைத்து மாத முடிவில் கணக்குத் தீர்ப்பதே மனக்கசப்பைத் தவிர்க்கும். கடனை எழுதிக்கொள்ளுமாறு சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் நமக்குக் கற்றுத்தருகிறது அல்லவா?

அந்த மோடம்களின் காலம் போய்விட்டது. அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனமும் 2025 செப்டெம்பர் 30ஆம் திகதியுடன் தன் டயல்-அப் சேவையை நிறுத்திக்கொண்டது. ஆனால் கேள்வி போகவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்பவரின் டேட்டாவுக்கு யார் பணம் கட்டுவது? ஒரே வைஃபையைப் பாவிக்கும் இரு குடும்பங்கள் எப்படிப் பங்கிடுவது? வேலை தொடங்குமுன் பேசி, எழுதி, இருவரும் பொருந்திக்கொள்ளுங்கள். வெட்கப்பட்டு மௌனமாக இருப்பவரின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிறர் ஹக்கைப் பேணி வாழ அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.