கடலும் கதிரியக்கமும்

கூடங்குளத்தில் விபத்து நேர்ந்தால் நம் சாளையும் அயிலையும் என்னாகும் என்று அன்பர்கள் சிலர் வினவுகின்றனர். அங்கு அத்தகைய விபத்து நேர்ந்ததில்லை. 2004 ஆழிப்பேரலையின்போது கல்பாக்கத்தில் நீரேற்று நிலையத்தினுள் கடல் புகுந்தது. எனினும் உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது.

2011 மார்ச்சில் ஜப்பானின் புகுஷிமாவுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. பேரலையால் மின்சாரம் அற்று, குளிர்விக்கும் நீர் நின்று, 3 உலைகள் உருகின. கடலிற் கலந்தவற்றுள் அயோடின்-131, 8 நாளில் பாதியாகும். ஆகவே விரைவில் மறைந்தது. சீசியம்-137 பாதியாவதற்கோ 30 ஆண்டுகள் வேண்டும். ஆழ்கடலில் அது நீர்த்துவிடும். கரையோரச் சேற்றில் தங்கியது, தரையையொட்டி வாழும் மீன்களிற் சேர்ந்தது.

அக்கரை மீனவர் வலையை மடித்து வைத்தனர். 2012 ஜூனில் சோதனைக்காகச் சிறிதளவே பிடிக்கத் தொடங்கினர். கிலோவுக்கு 100 பெக்கரல் என வரம்பு வகுத்து மீன் அளக்கப்பட்டது. அளவில் தேறிய மீனையும் வாங்கத் தயங்கினோர் பலர். வதந்தி பாதியாவதற்கு எத்தனை ஆண்டோ! 2023 ஆகஸ்டில் சுத்திகரித்த நீரைக் கடலில் விடத் தொடங்கியதும், சீனா ஜப்பானிய மீனுக்கே தடை விதித்தது.

கூடங்குளத்திலும் கடல்நீரையும் மீனையும் அளக்க ஆய்வகம் உண்டு. அவ்வளவுகளைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, விழிஞ்ஞம் ஏலத்துறையிலும் சாலைக் கடைவீதியிலும் மாதந்தோறும் ஒட்டவேண்டுமென்பதே நாம் அரசினரிடம் கேட்பது.