அடங்கிய பூச்சியும் அயர்ந்த காவலும்

1987 முதல் 1989 வரை, தெற்கு ஆஸ்திரேலியாவும் விக்டோரியாவும் சந்திக்கும் எல்லைப் பகுதியில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பைன் மரங்கள் பட்டுப்போயின. காரணம், ஐரோப்பாவிலிருந்து வந்த சைரெக்ஸ் மரக்குளவி. அதை அடக்கும் வழி ஏற்கெனவே கையில் இருந்தது என்பதுதான் வேதனை.

தாயகத்தில் இக்குளவி பெருஞ்சேதம் விளைவிப்பதில்லை. நலிந்த மரங்களையே நாடும். இயற்கை எதிரிகளும் அங்கு உண்டு. 1900 வாக்கில் நியூசிலாந்திலும், 1952இல் டாஸ்மேனியாவிலும், 1961இல் ஆஸ்திரேலியப் பெருநிலத்திலும் அது காணப்பட்டபோது, அந்த எதிரிகள் உடன் வரவில்லை. அங்கு நின்றவையோ, கலிபோர்னியாவைத் தாயகமாகக் கொண்ட, ஒரே வயதில் நெருக்கமாக நடப்பட்ட ரேடியேட்டா பைன்கள். பெண் குளவி முட்டையோடு நச்சுச் சளியையும் ஒரு பூஞ்சையையும் மரத்துக்குள் செலுத்துகிறது. இரண்டும் சேர்ந்து மரத்தைக் கொல்கின்றன.

1960களில் கண்டறியப்பட்ட நூற்புழு ஒன்று இதற்குத் தீர்வானது. அது பெண் குளவியை மலடாக்கி, முட்டைகளுக்குள் குடியேறுகிறது. குளவி துளையிடும் மரங்களுக்கெல்லாம் நூற்புழுவும் சென்று சேர்கிறது. அப்பூஞ்சையைத் தின்றும் பெருகுவதால், ஆய்வகத்தில் வளர்ப்பதும் எளிது.

ஆயினும் 1980களில் பேரழிவு நேர்ந்தது. நெருக்கமான மரங்கள் உரிய காலத்தில் வெட்டிக் குறைக்கப்படவில்லை. நூற்புழுவும் போதிய அளவில் விடப்படவில்லை. பின்னர் இன்னொரு குறையும் தெரியவந்தது. 20 ஆண்டுகளுக்கும் மேலாகப் பூஞ்சையை மட்டுமே தின்று ஆய்வகத்தில் வளர்ந்த நூற்புழு, குளவியைத் தொற்றும் வீரியத்தை இழந்திருந்தது. 1991இல் டாஸ்மேனியாவின் கமோனா காட்டிலிருந்து வீரியமுள்ள வகையை மீண்டும் பிரித்தெடுக்க வேண்டியதாயிற்று.

பூச்சி அடங்கியதும் கண்காணிப்புச் செலவு வீண்செலவாகத் தோன்றுகிறது. அச்செலவால்தான் அது அடங்கியிருக்கிறது என்பது மறந்துபோகிறது. குளவி ஓய்ந்துவிடவில்லை. 1980இல் உருகுவே, 1988இல் பிரேசில், 1994இல் தென்னாப்பிரிக்கா, 2001இல் சிலி என அதன் பயணம் தொடர்ந்தது. சரக்குகளைக் கட்டும் மரப்பெட்டிகளை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்குவது போன்ற பன்னாட்டு நெறிமுறை 2002இல் வந்தது. துறைமுகத்தில் சோதனை தளர்ந்தால் அதுவும் ஏட்டுச் சுரைக்காயே.

பைன் ஏறத்தாழ 30 ஆண்டுப் பயிர். அதன் காவலுக்கான நிதியை ஆண்டுதோறும் பேரம் பேசி ஒதுக்குவது பொருந்தாது. அறுவடை வரையிலான கண்காணிப்புச் செலவை நடவின்போதே முதலீட்டில் சேர்த்துவிட வேண்டும் என்பது என் கருத்து. அச்செலவைத் தாங்காத தோட்டம் உண்மையில் லாபகரமானதன்று. இழப்பைப் பிற்காலத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறது, அவ்வளவே.